அவிழ்த்த முடிச்சு

நான் தொலைக்காட்சி நிருபராகச் சேர்ந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எண்ணூருக்கு அனுப்பினார்கள். மூன்று மீனவர்கள் போன ஃபைபர் படகு, ஆளில்லாமல் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியிருந்தது.

படகைப் பார்த்ததுமே நானாக முடிவு செய்துவிட்டேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ‘மூன்று மீனவர்கள் பலி’ என்று தட்டினேன். அனுப்பினால் அடுத்த நிமிடம் திரையின் அடியில் சிவப்பில் ஓடும். மற்ற சேனல்களை முந்திவிடலாம் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

பக்கத்தில் நின்ற பெண் என் போனை எட்டிப் பார்த்தாள். மூவரில் ஒருவரின் மனைவி.

“இன்னாமே எழுதிகினு கீற? யாரு செத்தது?”

என் கையைப் பிடித்துப் படகருகே இழுத்துப் போனாள்.

“இங்க ரெண்டு காலி கேன் கட்டியிருந்துச்சு. கயித்தப் பாரு, அறுந்தா கீது? அவுத்துனு போய்க்கீறாங்க. அதப் புடிச்சிகினு எங்கியோ மெதந்துகினு இருப்பாங்க. பொணமா வந்து முடிச்ச அவுக்கும்?”

தட்டியதை அழித்தேன். “இன்னும் உறுதியாகல சார்” என்று எடிட்டரிடம் போனில் சொன்னேன். அதற்குள் வேறொரு சேனல் மூவரையும் சாகடித்திருந்தது. செம திட்டு.

மதியம், தேடப் போன படகில் மூவரும் வந்து இறங்கினார்கள். அவள் கணவனை முதுகில் அடித்துக்கொண்டே அழுதாள். நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது அவள் சொன்னாள்: “எங்க மாமியா காலைலேர்ந்து உங்க சேனலத்தான் பாத்துகினு கீது. வேற எதையும் வெக்க வுடல.”

‘நல்லவேளை, அனுப்பவில்லை’ என்று அன்று எனக்குள் சொன்னதை, இன்றும் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன்.