அரிசி டிரம்மில் ஸ்ட்ராபெரி

ஒரு வாரக் காய்ச்சலில் மகளுக்கு வாய் கசந்துபோயிருந்தது. கஞ்சி, இட்லி, எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோறு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. கடைசியில் ஒரு நாள் காலையில் வாயைத் திறந்தவள், ஸ்ட்ராபெரி கொடுத்தால் சாப்பிடுவதாகச் சொன்னாள். முத்தியால்பேட்டையில் இருந்துகொண்டு கொய்யா கேட்டிருக்கலாம். மலையில் விளைவதுதான் வேண்டுமாம்.

பெரிய மார்க்கெட்டுக்கு வண்டியை விரட்டினேன். இந்தப் பழத்தை விற்கிறவர்களை நம்பவே கூடாது. டப்பாவின் மேல்வரிசை பளபளவென்றிருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நசுங்கியதும் பூசணம் பூத்ததும். ஒவ்வொன்றாகத் திருப்பி, இலை வாடாததாக, அடியில் ஈரமில்லாததாகத் தேடினேன். பழம் வாங்க வந்தீர்களா, பெண் பார்க்க வந்தீர்களா என்று கடைக்காரர் கேட்டார். அடுத்த டப்பாவைக் கவிழ்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் பிள்ளை தூங்குகிறாள். தட்டில் துணி விரித்து, ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, ஃபிரிட்ஜில் வைத்தேன். தண்ணீர் பட்டால் அழுகிவிடும், சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள், எழுந்ததும் கொடுங்கள் என்று கணவரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத் தையல் கடையைத் திறக்கப் போனேன்.

சாயங்காலம் தட்டு காலி. எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டாள் என்று மனசு குளிர்ந்தது.

"அரிசில வெச்சிருக்கேன். காம்பாண்ட எல்லாம் வெள்ளையா இருந்துச்சு. ரெண்டு நாள்ல பழுத்துடும்" என்றார் கணவர்.

அவருக்குப் பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். மாங்காயோ சப்போட்டாவோ, காயாக இருந்தால் அரிசிக்குள் போகும். பழ விஷயத்தில் அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லிவிட முடியாது. எழுந்து ஆசையாகக் கேட்ட பிள்ளையிடம் நாளைக்கு என்று சொல்லியிருக்கிறார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பறித்த பிறகு அது பழுக்காது, அழுகத்தான் செய்யும் என்று கத்தினேன். டிரம்முக்குள் கையை விட்டால், சூடு வேண்டுமென்று ஆழத்தில் புதைத்திருக்கிறார். பாதிக்குமேல் நசுங்கி, சாறு இறங்கி, அரிசி கட்டி கட்டியாகச் சிவந்து ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் ஒரு தட்டில் அள்ளிப் போட்டேன்.

சத்தம் கேட்டு மகள் எழுந்து வந்தாள். முழுதாகப் பிழைத்த ஒன்றைக் கழுவிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டு, புளிக்கிறது என்று என் கையிலேயே திருப்பி வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி எதைக் கொடுப்பது?

அவளோ அந்தத் தட்டிலிருந்த சிவந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல சோறு ஆக்கித் தரியாம்மா?"

பழத்தை வழித்து எடுத்துவிட்டு அரிசியைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். கழுவினால் கலர் போய்விடும் என்று பின்னாலேயே வந்து தடுத்தாள். கழுவாமலேயே உலையில் போட்டேன். வெந்த சோற்றில் சிவப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

தான் அரிசியில் வைத்ததால்தான் பிள்ளை சோறு கேட்டது என்று அந்த மனிதர் இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எரிச்சலே அதுதான்.