தாலிக்கயிற்றில் தெரிந்த காரம்

எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். ஆனாலும் இதை இத்தனை வருஷம் உள்ளேயே வைத்திருந்தது போதும் என்று தோன்றுகிறது.

இரண்டாம் உலகச் சண்டை நடந்த காலம். தென்காசிக் கடைகளில் நல்ல சோப்பு வருவது நின்றுபோயிருந்தது. என் மகளுக்கு நாலு வயது. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் புண். ஐந்தருவிக்குக் கூட்டிப்போனால் குளிக்கிற பெண்கள் விலகி நிற்பார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். "எம்மா, நான் அழுக்கா?" என்று மகள் கேட்டாள். அதன்பிறகு அவள் தோலைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் காரமும் சேர்த்துச் சோப்பு செய்தார்கள். பக்குவம் கேட்டு வந்து நானும் செய்தேன். காரம் அடங்க ஒரு மாதம் ஆகும், அதுவரை மேலில் போடக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அது சாரல் காலம். எவ்வளவு கிண்டியும் இறுகவில்லை. இன்னும் ஒரு கரண்டி காரத்தண்ணீர் ஊற்றினேன். இறுகிவிட்டது. ஒரு மாதம் பொறுக்க மனசில்லை. எட்டாம் நாள் ஒரு கட்டியை எடுத்தேன்.

மகளுக்கு மஞ்சள் பூசிவிட்டு அதன்மேல் சோப்பைத் தேய்த்தேன். மஞ்சள் சிவந்து, சிவப்புத் தண்ணீராக வழிந்தது. வாசற்படியில் நின்ற மதினி பார்த்துவிட்டாள். என் வீட்டுக்காரருக்கு அக்கா அவள்.

"ஏட்டி, ஆரத்தித் தண்ணி மாதிரி ஓடுது பாரு. பிள்ளைக்குக் கண்ணேறு கழியுது. நல்லாத் தேயி."

நானும் நம்பினேன். நம்ப வேண்டும் போல் இருந்தது. எரியுது எரியுது என்று பிள்ளை துள்ளினாள். இரண்டு கைகளையும் என் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தேய்த்தேன். தண்ணீர் ஊற்றியபிறகும் கழுத்து வழுவழுவென்றே இருந்தது. துடைத்த துணியோடு தோல் வந்தது.

தூறலில் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மதினி பின்னால் வந்தாள். டாக்டர் இல்லை; வயதான கம்பவுண்டர் மட்டும் இருந்தார். ஒன்றும் கேட்காமல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பிறகுதான் என் கையைப் பார்த்தார். சோப்பை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அதை நனைத்து என் தாலிக்கயிற்றில் தொடச் சொன்னார். தொட்டேன். மஞ்சள் கயிறு அந்த இடத்தில் மட்டும் சிவந்தது.

"ஆரத்திக்கு மஞ்சத் தண்ணில என்னத்தப் போடுதிய?"

"சுண்ணாம்பு."

"அதுவும் காரம், இதுவும் காரம். அம்புட்டுதான். இதுல கண்ணேறு எங்கன இருந்து வந்துச்சு?"

மதினி தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனை கல்யாணத்துக்கு இந்தக் கையால் ஆரத்தி கரைத்திருப்பேன், எனக்கும் அது தோன்றவில்லையே.

அவர் எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கி ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். கயிற்றில் பிழிந்தேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பிவிட்டது. மனிதத் தோலில் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு உண்டு, காரம் அதைத்தான் முதலில் அழிக்கும், முகத்தில் பூசுகிற ஸ்நோ க்ரீமில்கூட மிஞ்சிய காரத்தைப் புளிப்பு சேர்த்து அடக்கித்தான் விற்கிறார்கள் என்றார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. பழத்தோடு பிள்ளையிடம் ஓடினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"கயித்துக்கு வலிக்காது. வெந்த தோல்ல இதைப் பிழிஞ்சா பிள்ளை தாங்குமா?"

போரிக் தண்ணீரில் நனைத்த துணியைக் கழுத்தில் சுற்றினார். பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். தழும்பு நிற்குமா என்று கேட்டேன். அவர் கை கழுவப் போய்விட்டார். நான் மறுபடி கேட்கவில்லை. வீட்டுக்கு மதினிதான் அவளைத் தூக்கி வந்தாள். என் தோளுக்குப் பிள்ளை வரவில்லை.

மறுநாள் காய்ச்சல் இல்லை. மதினி ஊட்ட, அரைக்கிண்ணம் கஞ்சி குடித்தாள். நான் பக்கத்தில் போனதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். மீதிச் சோப்பைக் கிணற்றை விட்டு எட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தேன்.