பிரேக் இல்லாத பக்கத்து சீட்

டிரைவிங் ஸ்கூல் காருக்கு இரண்டு பிரேக் உண்டு. ஓட்டக் கற்பவரின் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவரின் காலடியில் இன்னொன்று. இந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் நம்ம ஆள் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவர் மாஸ்டர். முதுகுக்குப் பின்னால் பிரேக் மாஸ்டர்.

பெயர் சும்மா வரவில்லை. தெருமுனையில் ஒரு நாய் சோம்பல் முறித்தால் போதும், மாஸ்டரின் கால் பெடலில் இறங்கிவிடும். ஓட்டுகிறவரின் நெற்றி ஸ்டியரிங் வரைக்கும் போய்விட்டு வரும். ஆனால் ஒன்று, இத்தனை வருஷத்தில் அவருடைய காரில் ஒரு கீறல் கிடையாது. அதைச் சொல்லும்போது மனிதர் தரையில் நிற்க மாட்டார்.

வம்பு என்னவென்றால், காரைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிய பிறகும் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதில்லை. மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மூக்கில் அழுத்துகிறது, காதில் இடிக்கிறது என்று வருகிறவர்கள் சொல்லும் குறையையெல்லாம் நாள் முழுக்கப் பொறுமையாகக் கேட்பாள். வீட்டுக்கு வந்து தன் குறையைச் சொல்ல வாயைத் திறப்பாள்.

"இன்னைக்குக் கடையில..."

"சரி சரி, விடு. முதல்ல சாப்பிடு."

"இல்லங்க, மனசே சரியில்ல..."

"எல்லாம் தூங்கி எழுந்தா சரியாயிடும்."

அவ்வளவுதான், பேச்சு நின்றுவிடும். எங்க வீட்டில் சண்டையே வராது என்று மாஸ்டர் வெளியில் பீற்றிக்கொள்வார். ஒரு வாக்கியம் முழுசாக முடிந்தால்தானே சண்டை வருவதற்கு!

அந்த வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்த துணியை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள். தள்ளியிருக்கும் வேறொரு ஊரில் கடைக்குப் புதுக் கிளை திறக்கிறார்கள். பொறுப்பு அவளுக்கு. அங்கேயே அறை எடுத்துத் தங்கப்போகிறாள்.

"நல்லதுதானே. லீவு நாள்ல வீட்டுக்கு வந்துடுவே" என்றார் மாஸ்டர், தாராள மனசோடு.

அவள் துண்டின் மூலைகளைச் சேர்த்துப் பிடித்தாள். "வரணுமான்னு இன்னும் முடிவு பண்ணலைங்க."

நான் என்ன தப்பு பண்ணேன் என்று கேட்டார் மாஸ்டர். தப்பு ஒன்றும் இல்லை, கூட யாரும் இருக்கிற மாதிரியே இல்லை என்றாள். தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு அம்மாவிடம் நேரம் வாங்கியிருக்கிறாளாம். புதுக் கிளை திறப்பதற்குள் இரண்டு பேருமாகப் போய்ப் பார்க்கலாம், அதற்குப் பிறகு வருவதா வேண்டாமா என்று சொல்கிறேன் என்றாள். நமக்கென்ன பைத்தியமா என்று கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து அப்படியே விழுங்கிவிட்டார்.

ஆலோசனை அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. மூன்று நாற்காலி, ஒரு விரிப்பு, கைக்கெட்டும் தூரத்தில் டிஷ்யூ பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே மாஸ்டருக்குப் பகீரென்றது. ஆலோசகர் அம்மாவோ அவரை விடச் சின்னவர், அதட்டிப் பேசத் தெரியாத குரல். மனைவி பேச ஆரம்பித்தாள். மாஸ்டர் நடுவில் புகுந்தார். அவள் விட்ட இடத்தில் தொடங்கினாள். மறுபடியும் புகுந்தார்.

"சார், கால்ல எதுவும் பிரச்சினையா?" என்றார் ஆலோசகர்.

குனிந்து பார்த்தால், விரிப்பு அவருடைய வலது காலடியில் சுருண்டு கிடந்தது. மனைவி வாய் திறக்கும்போதெல்லாம் மனிதர் தரையை அழுத்தியிருக்கிறார்! மாஸ்டர் அசடு வழிந்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரத்துக்கு வீட்டுப்பாடம் கிடைத்தது. தினமும் கொஞ்ச நேரம் ஒருவர் பேச வேண்டும், மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்டு, தனக்கு என்ன புரிந்தது என்பதை மட்டும் கடைசியில் சொல்ல வேண்டும். இது என்ன பிரமாதம் என்று மாஸ்டர் கைகட்டி உட்கார்ந்தார். மனைவி பேசினாள். கடைக்கு வருகிறவர்களோடெல்லாம் சிரித்துப் பேசுகிறேன், வீட்டுக் கதவைத் திறக்கும்போது மட்டும் வாய் மூடிக்கொள்கிறது, அது எனக்கே பயமாக இருக்கிறது என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். மாஸ்டர் ஒரு தடவைகூடக் குறுக்கே வரவில்லை. பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆரம்பம் நல்லா இருந்துச்சு. நடுவுல கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. அந்தக் கதவு விஷயத்துல திடீர்னு திரும்பிட்டே, முன்கூட்டியே சிக்னல் கொடுத்திருக்கணும். மத்தபடி பரவாயில்ல, நாளைக்கு இன்னும் நல்லா வரும்."

நல்ல மனசோடுதான் சொன்னார், பாவம். பாடம் முடிந்ததும் படிக்கிறவரைத் தட்டிக்கொடுத்தே பழகிய மனுஷன். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த தடவை ஆலோசகரிடம் இதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. அந்த வேகத்தில் இன்னொன்றும் வெளியே வந்தது. "நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். லைசென்ஸ்கூட வாங்கிட்டேன். இவருக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கே, அந்த ஸ்கூல்ல."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய பரம எதிரியின் ஸ்கூல் அது. "ஊருக்கெல்லாம் நான் சொல்லித்தர்றேன்... என்கிட்ட கேட்கணும்னு தோணலையா?"

"உங்ககிட்ட கத்துக்கிட்டா, நான் ஓட்டினேனா நீங்க ஓட்டினீங்களான்னு எனக்கே தெரியாம போயிருக்கும்."

அவமானத்தை விட அதிலிருந்த உண்மைதான் மாஸ்டருக்கு வலித்தது. ஆலோசகர், புதுக் கடையைப் பார்க்க இரண்டு பேரும் ஒன்றாகப் போய்வருவீர்களா என்று கேட்டார். போகலாம், நான்தான் ஓட்டுவேன் என்றாள் அவள்.

சொந்தக் காரில் போனார்கள். அதில் பக்கத்து சீட்டுக்குப் பிரேக் கிடையாது. முதல் லாரி எதிரே வந்தபோது மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்து பார்த்தால் லாரி போயிருந்தது, உயிர் இருந்தது. நன்றாகத்தான் ஓட்டினாள். எதிரி ஸ்கூலுக்கு அந்தப் பெருமை போகிறதே என்று மனம் பொருமியது.

ஊரைத் தாண்டியதும் அவள் பேச ஆரம்பித்தாள். "மதியம் ஆனா இன்னமும் கை தானா போனைத் தேடுது. அம்மா அந்த நேரத்துக்குத்தான் பேசுவாங்க. அவங்க போனதுக்கப்புறம் இதை எத்தனை தடவை உங்ககிட்ட சொல்ல வந்தேன் தெரியுமா? போனவங்களைப் பத்திப் பேசி என்ன ஆகப்போகுதுன்னுட்டீங்க."

விடு என்ற வார்த்தை மாஸ்டரின் நாக்கு நுனி வரை வந்தது. அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எனக்கும்தான்" என்றார் திடீரென்று.

"என்ன உங்களுக்கும்?"

"உன்கிட்ட பேசி வெச்சதும் எனக்குப் போன் போடுவாங்க. அவ குரல் ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் பாத்துக்கோங்க மாப்பிள்ளைம்பாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. அந்த நேரத்துக்கு நானும் காரை ஓரமா நிறுத்தச் சொல்லிட்டுக் காத்திருப்பேன். இப்பவும் நிறுத்தச் சொல்றேன். ஏன்னு கேட்டா டீ குடிக்கன்னு சொல்லிடறேன்."

அவள் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, காரை ஓரமாக நிறுத்தினாள். இஞ்சினை அணைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

"இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"சொன்னா நீ அழுவே. நீ அழுதா எனக்கு என்ன பண்றதுன்னே தெரியாது. பயம்மா இருக்கும்."

"ஒண்ணும் பண்ண வேணாம். பக்கத்துல இருந்தா போதும்."

இருந்தார். அவள் அழுகை நிற்க நேரமானது. மாஸ்டர் தண்ணீரை எடுத்து நீட்டவில்லை, சரி சரி என்று முதுகில் தட்டவில்லை. பாதியில் அவருக்கும் கண் கலங்கிவிட்டது, அதைத் துடைக்கவும் இல்லை.

"எங்கம்மா உங்களையா பாத்துக்கச் சொன்னாங்க?" என்று அழுகையோடே சிரித்தாள் அவள். "வேற ஆளே கிடைக்கலையா?"

அவள் மறுபடியும் காரை எடுத்தபோது வெயில் தணிந்திருந்தது. புதுக் கடையின் போர்டு கண்ணில் படும் வரை அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். கடை வாசலில் நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திட்டுக் கிளம்பினா, வீட்டுக்கு வந்து சேர ரொம்ப நேரமாயிடும்."

டயரில் காற்று, இருட்டில் பாலத்து வளைவு, எதிர் வெளிச்சம் என்று சொல்வதற்கு அவரிடம் ஒரு மூட்டை இருந்தது. ஒன்றையும் அவிழ்க்கவில்லை.

"நான் தூங்கிடட்டுமா?" என்று கேட்டார்.

"முழிச்சிருங்க" என்றாள். "பேச நிறைய இருக்கும்."