ஏழு மிளகு டாக்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாளாக இருந்திருந்தால் விஷயம் என்னோடு போயிருக்கும். நான் குரல் நன்றாக அமைந்த முட்டாள். பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகங்களில் அசரீரி என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். திரைக்குப் பின்னால் நின்று முழங்குவேன். முகத்தைக் காட்டச் சொல்லி ஒரு வாத்தியாரும் கேட்டதில்லை.

அந்தக் குரலை வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு வயதில் நான் டாக்டரானேன். படித்தது பி.காம். வேலை, கொல்லிமலையில் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். மனைவியும் மகளும் தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இருக்க, நான் வாழவந்தி நாட்டில் (இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஒரு மிளகு விவசாயியின் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு எதிர் இலையில் உட்காருவது போன்தான். அதில் நான் பார்ப்பதெல்லாம் ஆரோக்கிய வீடியோ. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாகப் பரிசோதனையில் சொன்னதிலிருந்து, எந்தப் பக்கமும் விழாமல் நிற்கப் போன் சொல்வதையெல்லாம் செய்து பார்த்தேன். ஒரு வாரம் சோறு விஷம். அடுத்த வாரம் ராத்திரிச் சோறு மட்டும் விஷம். ஒரு கவளத்தை முப்பத்திரண்டு தடவை மெல்லச் சொன்னார் ஒருவர். மென்று முடிப்பதற்குள் மதிய இடைவேளை முடிந்து, அதிகாரி மேஜையருகே வந்து நின்றுவிட்டார். வெறும் வயிற்றில் ஊறவைத்த கொள்ளுத் தண்ணீரைக் குடித்துவிட்டு மலை இறங்கும் பஸ்ஸில் ஏறிய நாளை மட்டும் நான் விவரிக்கப் போவதில்லை. எழுபது வளைவு. அந்தப் பஸ் கண்டக்டர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ஜன்னலோரச் சீட்டைக் காட்டுகிறார்.

இப்படிப் பட்டும் புத்தி வராமல், ஒரு மத்தியானம் அந்த வீடியோக்காரர்களைக் கேலி செய்ய உட்கார்ந்தேன். என் மச்சானைச் சிரிக்கவைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து போனில் பதிவு செய்தேன்.

“அன்பார்ந்த மக்களே! சர்க்கரை ஒரு நோயே அல்ல. அது மாத்திரை விற்பவர்கள் கட்டிவிட்ட கதை! உலகத்திலேயே உயர்ந்த மருந்து எது? கொல்லிமலை மிளகு! விடியலில் கிழக்கே பார்த்து நின்று ஏழு மிளகை மெல்லுங்கள். ஏழே ஏழு. எட்டாவது மிளகு ஆபத்து! மாத்திரையைத் தூரப் போடுங்கள். நாற்பதாம் நாள் உங்களுக்கு நீங்களே டாக்டர்!”

எட்டாவது மிளகு ஆபத்து என்ற இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிச் சமாளித்தேன். கொல்லிமலை மிளகு எதற்காக உள்ளே வந்தது என்றால், பேசும்போது வீட்டுக்காரர் தந்த மிளகுப் பொட்டலம் என் முன்னால் இருந்தது. வெங்காயம் இருந்திருந்தால் வெங்காயம்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்ததாகச் செய்தி அனுப்பினான். “நாலு பேருக்கு அனுப்பட்டுமா?” என்று கேட்டான். “அனுப்பு, அனுப்பு” என்றேன். பழியை அவன் தலையில் போட வழியில்லாமல் இந்த இரண்டு சொற்கள் இன்னமும் என் போனில் இருக்கின்றன.

பிறகு அதை மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமைக் காலை. வாசலில் தார்ப்பாய் விரித்து வீட்டுக்காரர் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் கூட இருந்தார்கள். பல் தேய்த்துக்கொண்டே நான் வெளியே வந்தபோது அவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு குரல் கணீரென்று, “அன்பார்ந்த மக்களே!” என்றது.

பற்பசை தொண்டைக்குள் போய்விட்டது.

என் குரல் தஞ்சாவூருக்குப் போய், குரூப் குரூப்பாகத் தாவி, சேந்தமங்கலம் வந்து, காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, எழுபது வளைவும் ஏறி என்னிடமே வந்திருந்தது. வழியில் என் பெயர் கழன்று விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் அதைக் கேட்டபடியே, எதிரில் ஆள் நிற்பதைப்போல, “ம்… ஆமாங்க… சரிங்க” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கேட்டீங்களா சார்? மெட்ராஸ்ல பெரிய டாக்டராமாங்க. வயசான மனுசன். பேச முடியாம இருமறாரு பாருங்க. அப்பவும் நம்மளுக்காகப் பேசறாரு.”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? “குரல் நல்லாத்தான் இருக்கு” என்றேன். வெட்கக்கேடு, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது வீட்டுக்கார அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். “ஏனுங்க சார், நீங்களாச்சும் சொல்லுங்க. இந்தப் பேச்சக் கேட்டுப்போட்டு மூணு வாரமா சக்கர மாத்தரையே போடறதில்லீங்க. நர்சம்மா குடுத்தது டப்பாவுல அப்பிடியே கெடக்குது. கால்ல கெழங்குக் கட்டை குத்தி எத்தன நாளாச்சு, இன்னும் ஆறலீங்க.”

அவர் வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதற்குள் பார்த்துவிட்டேன். மரவள்ளி வெட்டிய காட்டில் நிற்கும் கூரான அடிக்கட்டை குத்திய காயம். குதிகாலுக்கு மேலே துணி சுற்றியிருந்தது. துணி ஈரமாக இருந்தது.

எனக்குள் இருந்த டாக்டர் அந்த நிமிடமே ராஜினாமா செய்தார்.

“அண்ணே, அது நாந்தாண்ணே.”

“எது சார்?”

“அந்த டாக்டர். நான்தான் விளையாட்டுக்குப் பேசினது.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இடுப்பில் கைலி, வாயில் நுரை. “நீங்களா?” என்றார்.

வேறு வழியில்லாமல் பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்: “அன்பார்ந்த மக்களே! சர்க்கரை ஒரு நோயே அல்ல!” இருமலைக்கூட விடவில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் கை தட்டினார்கள்.

“அட, அச்சு அசலா டாக்டரு மாதிரியே பேசறாரப்பா!”

“டிவிக்குப் போனா இந்த ஆபீசு வேலையே வேண்டியதில்லீங்க சார்!”

வீட்டுக்காரரும் சிரித்தார். “நல்லாப் பண்றீங்க சார். ஆனா அவரு மாதிரி அந்தக் கனம் வரல.” என் குரலைப் போல என் குரல் இல்லையாம்.

அவரை ஏமாளி என்று யாராவது நினைத்தால் நான் சண்டைக்கு வருவேன். அவருக்குக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் எழுத்து. இந்தப் போன் வந்த பிறகுதான் உலகம் அவரோடு வாய்விட்டுப் பேச ஆரம்பித்தது. எங்கள் நாட்டு வாட்ஸப் குரூப்பில் சாவுச் செய்தி, பஸ் பழுது, மிளகு விலை எல்லாம் குரலாகத்தான் வரும், குரலாகத்தான் போகும். மிளகுக் கொடி மஞ்சளடித்துக் காய்ந்தபோது, எங்கள் அலுவலகத்துக்கு மனுப் போட்டுக் காத்திருக்காமல், யாரோ ஒரு கேரள விவசாயியின் வீடியோவைப் பாஷை புரியாமலே பார்த்துக் காப்பாற்றினார். மருந்தடிக்கிற மிஷினைப் பிரித்து மாட்டியதும் அப்படித்தான். போன் அவரிடம் பொய் சொன்னதே இல்லை, நான் சொல்லும்வரை.

அன்றைக்கு அவர் சொன்ன ஒன்று மட்டும் எனக்குச் சுருக்கென்றது. மிளகைக் கையால் துழாவிக்கொண்டே சொன்னார்: “இத்தன வருசமா என்ன ரேட்டுன்னு கேக்கறவந்தான் சார் வந்திருக்கான். ஈரம் இருக்குது, தூசி இருக்குதும்பான். கொல்லிமல மொளகுதான் ஒசத்தின்னு ஒரு பெரிய மனுசன் வாயால சொல்லி இப்பத்தான் கேக்கறேன்.”

நான் வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை நர்சம்மா வந்தார். வீடு வீடாக மாத்திரை கொண்டுவந்து தருகிற கிராம செவிலியர்; அவரும் கீழிருந்து வந்தவர்தான், கன்னியாகுமரிப் பக்கம். அவரை வழியிலேயே மறித்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பாதிவரை சிரித்தார். காலைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“சக்கரை ஏறிக் கிடக்கையில புண்ணு ஆறாது சார். அப்படியே விட்டா விரலை எடுக்கணும், காலை எடுக்கணும்னு ஆயிரும். நான் சொன்னா, ‘நீங்க நர்சு, அவரு டாக்டரு’ங்காரு. அந்த டாக்டரு நீங்கதானா?”

“ஒரு யோசனை இருக்கு சிஸ்டர். டாக்டர் குரல்லயே இன்னொன்னு அனுப்பிர்றேன். ‘மக்களே, ஆராய்ச்சியில் புதிதாகக் கண்டுபிடித்தோம், மாத்திரையும் வேண்டும்’ அப்படின்னு. நிச்சயமா கேப்பார்.”

“ஒரு போலி டாக்டரு போதும் சார். நீங்க யாரோ அந்த ஆளாப் பேசுங்க.”

அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியவில்லை. ஏமாற்றுகிற பேச்சு ஒரே மூச்சில் வந்தது. உண்மையைச் சொல்ல ஒன்பது தடவை பதிவு செய்து அழித்தேன். கனம் போன கீச்சுக் குரலில் கடைசியில் இதைத்தான் அனுப்பினேன்: “வணக்கம். நான் ஆபீஸ் கிளார்க். ஏழு மிளகு டாக்டர் நான்தான். கேலிக்காகப் பேசினேன். அதில் சொன்னது எல்லாமே பொய். மாத்திரையை நிறுத்தியவர்கள் தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மன்னிச்சுக்குங்க.”

நாட்டுக் குரூப்பில் யாரோ ஒருவர் கட்டைவிரலைப் போட்டார். அதற்குக் கீழே அன்றைய மிளகு விலை வந்தது. டாக்டரின் குரல் மலையைச் சுற்றி வந்தது. கிளார்க்கின் குரல் எங்கள் தெருவைத் தாண்டியதா என்பதே சந்தேகம்.

ஆனால் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது வீட்டுக்காரர் வாசலில் இருந்தார். வழக்கமாக, “வாங்க சார், டீ குடிச்சாச்சுங்களா?” என்பார். அன்றைக்கு எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாளும் அப்படித்தான். அக்கா தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “நாலு தடவ போட்டுக் கேட்டாருங்க. மாத்தரையுங்கூட நம்மளப் பாத்துச் சிரிக்கறதுக்குத்தான் குடுத்தது மாதிரி இருக்குதுன்னுட்டு, அதையும் தொடமாட்டீங்கறாரு.”

மாத்திரையைப் பற்றிய பொய்யை அவர் மன்னித்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. மிளகைப் பற்றிச் சொன்னதும் கேலிதான் என்பதை எப்படி மன்னிப்பார்? பக்கத்து வீட்டு ஆட்களிடமெல்லாம் போட்டுக் காட்டியிருந்தார். சேந்தமங்கலத்தில் மிளகு வாங்குகிற வியாபாரியிடமும் காட்டியிருந்தாராம். அதையெல்லாம் நினைத்துக்கொண்டு நான் என் அறையில் உப்புமாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். எதிர் இலையில் போனை வைக்கவில்லை.

புதன்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஒரு காலில் மட்டும் செருப்பு. என் முகத்தைப் பார்க்காமல், வாசலில் நின்ற என் ஸ்கூட்டரைப் பார்த்துச் சொன்னார்: “வண்டிய எடுங்க. கால் கீழ ஊன முடியல.”

அலுவலகத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவரைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அவர் கை என் தோளை இறுக்கியது. சமதளம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டார். நர்சம்மா விரலில் குத்தி ரத்தம் எடுத்து, மிஷினை என் முகத்துக்கு நேரே நீட்டினார். முந்நூற்றுச் சொச்சம். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தேன். புண்ணைக் கழுவும்போது அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்த டாக்டர், நிஜ டாக்டர், என் மச்சினியைவிடச் சின்னப் பெண், நிதானமாகச் சொன்னார்: “நல்ல நேரத்துல வந்தீங்க ஐயா. எலும்புக்குப் போகல. மாத்திரைய ஒரு நாள்கூட விடக் கூடாது. தினம் வந்து கட்டு மாத்திக்கணும்.”

“ஆமாங்க. சரிங்க” என்றார் அவர். சட்டைப் பையிலிருந்த குரலுக்குச் சொன்ன அதே மரியாதை.

திரும்பும் வழியில் அவரிடம் மறுபடி பேச்சுக் கொடுக்காமல் என்னால் இருக்க முடியவில்லை, என் வியாதி அப்படி. டீக்கடையில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தேன், சர்க்கரை இல்லாமல். ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் மாத்திரை அட்டையுமாக அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, மாத்திரை விஷயத்துலதான் நான் பொய் சொன்னேன். மிளகு விஷயம் பொய் இல்லைண்ணே. எங்க ஊர்ல எல்லாரும் இந்த மிளகைத்தான் கேக்கறாங்க. வேணும்னா அதை மட்டும் தனியா, என் பேரைச் சொல்லி, நல்ல குரல்ல ஒண்ணு பேசி குரூப்புல…”

அவர் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து வாயில் போட்டு, ஒரு மிடறு டீ குடித்தார்.

“நான் முழுங்கிக்கறேன், நீங்க வாய மூடுங்க.”