ஜுஜுப்ஸ் போத்தலில் இல்லாத அயன்

1. போட்டிக்கு வந்தவள்

இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தாய் பிள்ளை நலம் பார்க்கும் மிட்வைஃபாக இருந்தேன். என்னைக் கண்டாலே பிள்ளைகள் தாயின் பின்னால் ஒளியும். வாயைப் பிடித்து அயன் சிரப், அதாவது ரத்தம் ஊற இரும்புச்சத்து மருந்து, ஊற்றுகிறவள் நான்தானே.

அந்த வருடம் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ள ரோஷினி வந்தாள். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. டுபாயிலிருந்து அவளுடைய அண்ணன் போத்தல் போத்தலாக விட்டமின் ஜுஜுப்ஸ் மிட்டாய் அனுப்புவான். காலையில் ஆளுக்கொன்று கொடுப்பாள். பிள்ளைகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தன. எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

தோட்டத்தில் வேலை செய்த ராணியின் மகள் ஏற்கெனவே ரத்தம் குறைந்தவள். ராணி என் முகத்துக்கு நேரே சொன்னாள்:

"அந்த சிரப் வேணாங்க மிஸ். பல்லெல்லாம் கறுத்துப் போகுது. ரோஷினி மிஸ் குடுக்கிறதுல எல்லாச் சத்தும் இருக்காம். புள்ள கேட்டு வாங்கித் திங்குது." அன்றோடு சிரப்பை நிறுத்திவிட்டாள்.

2. பின்பக்கம்

குற்றம் கண்டுபிடிக்கவே ஜுஜுப்ஸ் தீர்ந்த ஒரு வெறும் போத்தலை எடுத்து வந்தேன். இளம் மிட்வைஃப்களுக்குச் சொல்கிறேன்: முன்பக்கப் படத்தை விடுங்கள், பின்பக்கத்தை வாசியுங்கள். சேர்மானத்தில் முதலில் குளுக்கோஸ் சிரப், அடுத்தது சீனி. ஏ, சி, டி எல்லாம் இருந்தன. ஆனால் போட்டிருந்த அளவு இரண்டு ஜுஜுப்ஸுக்கு. இவள் கொடுத்ததோ ஒன்று, அதாவது பாதி. அயனை மூன்று தரம் தேடினேன். இல்லவே இல்லை.

சந்தோஷத்தில் அன்றைக்குப் பால் விடாத பிளேன்டி இரண்டு குடித்தேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டொக்டர் தோட்டத்துக்கு வரும் கிளினிக்குக்கு இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தது. டொக்டர், தாய்மார் எல்லோர் முன்னாலும் அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

3. கிளினிக்

அன்றைக்கு ராணியின் மகள் வெளிறிப்போய் இருந்தாள். கண்ணிமையை இழுத்துப் பார்த்த டொக்டர், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துண்டு எழுதினார். நான் போத்தலைத் தூக்கிக் காட்டினேன்.

"இதுல அயனே இல்ல. லேபிள் வாசிக்கத் தெரியாதவங்க எல்லாம் சத்து குடுக்க வந்துட்டாங்க."

ரோஷினி வாங்கி வாசித்தாள்.

"ஆமா, இல்லதான். நான் பாக்கல, என் பிழைதான்," என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீங்க எப்ப பாத்தீங்க மிஸ்?"

ராணி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி என்னையே பார்த்தாள்.

"மூணு கிழமைக்கு முந்தி," என்றேன்.

ராணி துண்டை வாங்கிக்கொண்டு பிள்ளையோடு புறப்பட்டாள்.

பிள்ளை பிறகு தேறிவிட்டாள். லேபிளில் குறை கண்டால் கண்ட அன்றே சொல்லுங்கள். பிடிக்காதவள் என்றால் அவளிடமே முதலில் சொல்லுங்கள். நான் பென்ஷன் எடுக்கும்வரை ராணி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காய்ச்சல் என்றாலும் ரோஷினியிடம்தான் ஓடினாள். அவள் செய்தது சரி. ஆனாலும் நினைத்தால் இன்னும் எரிகிறது.