அப்பனை உரிச்சு வச்ச பிள்ளை

பஸ் டிப்போவில் அவனுக்குத் தாழ்ப்பாள் என்று பெயர். டீசல் பம்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற மெக்கானிக். ஆனால் மற்றவர்களைப் போலப் பின்சுவரோரம் நின்று ஒன்றுக்குப் போகமாட்டான். கழிப்பறைக்குள் போய், தாழ்ப்பாள் போட்டு, உட்கார்ந்துதான் போவான். அந்தத் தாழ்ப்பாள் உடையும்போதெல்லாம் வெல்டிங் வைப்பதும் அவனே. “உள்ள என்ன புதையலா இருக்கு?” என்று கேலி செய்தால் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவான்.

விஷயம் சின்னது. மூத்திரத் துவாரம் அவனுக்கு நுனியில் இல்லை. சற்றுக் கீழே, அடிப்பக்கம். நின்று போனால் காலில்தான் விழும். பிறவியிலேயே அப்படி. அது மனைவிக்குக்கூடத் தெரியாது. விளக்கை அணைக்காமல் அவளருகே போனதே இல்லை.

இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவது தங்குவதற்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுப் பெற்ற பிள்ளை. பார்க்க வந்தவர்களெல்லாம், “அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்” என்றார்கள். அவனுக்குத் திக்கென்றது. துணி மாற்றிய அவன் அக்கா குறையைக் கண்டுபிடித்தாள். அவனுக்கு மட்டும் தெரிந்தது: தனக்கிருக்கும் அதே குறை, இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

“கண்ட மாத்திரையும் முழுங்கினா இப்படித்தான்,” என்று அக்கா ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை.  மனைவி பால் கொடுக்கும்போதுகூடக் குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். 

ஆஸ்பத்திரிக்கு அக்காவும் கூட வந்தாள். “குடும்பத்துல வேற யாருக்காவது இது உண்டா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இல்லைங்க.” வாய் முந்திக்கொண்டது.

“நான் சாப்பிட்ட மாத்திரைதான் டாக்டர். எம்மேலதான் தப்பு,” என்றாள் மனைவி, தலை குனிந்தபடி.

அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை. “பொய் சொல்லிட்டேன் டாக்டர். எனக்கு இருக்கு.” அக்கா பக்கம் திரும்பினான். “எனக்கு இருக்குக்கா. பொறந்ததுல இருந்தே.”

ஜாக்கியில் நிற்கும் பஸ்ஸுக்கு அடியில் படுக்கத் துணிந்தவர்கள் டிப்போ நிறைய உண்டு. கூடப் பிறந்தவளும் கட்டியவளும் உட்கார்ந்திருக்கும் அறையில் இதைச் சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சுரம் வரும்? அவனுக்கு வந்தது.

“ஜிப் மாதிரி வச்சுக்குங்க,” என்றார் டாக்டரம்மா. “வயித்துல மூணாவது மாசவாக்குல, ஆண் ஹார்மோன் சொல்லச் சொல்ல மூத்திரக் குழாய் நுனிவரைக்கும் மூடிக்கிட்டே வரும். ஹார்மோன் குறைஞ்சாலோ, அது சொல்றது உடம்புக்குச் சரியா எட்டலைன்னாலோ பாதியிலயே நின்னுடும். அப்பாவுக்கு இருந்தா மரபணு வழியா பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு கூடுதல். மாத்திரைதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. பலதும் சேர்ந்து வர்றதும்மா. யார் தப்பும் இல்ல. ஒரு வயசுவாக்குல ஆபரேஷன் பண்ணா பெரும்பாலும் சரியாயிடும்.”

 அக்கா தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்படியே என் வாய்க்கும் ரெண்டு தையல் போட்டுடுங்க டாக்டர்.”

“உங்களுக்கும் சரி பண்ணலாம்,” என்றார் டாக்டரம்மா அவனிடம்.

“எனக்குப் பழகிப்போச்சுங்க. இவன் சிநேகிதங்களோட சுவரோரம் நிக்கட்டும். அது போதும்.”

மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியில் கிடந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள். “அப்படியே உங்களை உரிச்சுதான் வச்சிருக்கான்.”