டேப் சுற்றிய டார்ச்

பரவையில் வீட்டுக்குப் பின்னால் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எவர்சில்வர் கைப்பிடிகளுக்கு, டார்ச் என்ற கைக்கருவி வழியே காற்றுப் படாமல் கேஸ் பாய்ச்சி டிக் வெல்டிங் வைப்பவர் என் அக்கா கணவர். அவர் வைத்த இடத்தை விரலால் தடவினாலும் இணைப்பு தெரியாது.

ஒருநாள் அவர் வைத்த வெல்டிங் கறுத்து, பொடிப்பொடியாக ஓட்டை விழுந்தது.

“கேஸ் சரியா வரலை மாப்ள. டார்ச்ச மாத்துவோம்” என்றார்.

வேலை கொடுத்த வாடிக்கையாளர் பக்கத்திலேயே நின்றார். எனக்கு மானம் போனது. “டார்ச் நல்லாத்தேன் இருக்கு மச்சான். உங்க கைவாகுதேன் போயிருச்சு” என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டார்.

அதன்பின் நானே வெல்டிங் வைத்தேன். எனக்கும் கறுத்தது. வேறு வழியில்லாமல் புது டார்ச் வாங்கினேன். பழையதைக் கழற்றியபோது, அதன் கைப்பிடிக்குக் கீழே சுற்றியிருந்த டேப் பிரிந்து வந்தது. உள்ளே கேஸ் வரும் ஹோஸ் குழாய் நகத்தளவு வெடித்திருந்தது. கேஸ் அதன் வழியேதான் கசிந்திருக்கிறது. புது டார்ச்சில் என் கைக்கே வெல்டிங் வெள்ளியாய் மின்னியது.

அந்த ஹோஸ் துண்டோடு மண்டபத்துக்கு ஓடினேன். “தப்பு உங்க கையில இல்ல மச்சான். வேலைக்கு வாங்க.”

அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின.

“நீ சொன்னதுல இருந்து, பூட்டுல சாவியப் போடக்கூட இம்புட்டு நடுங்குது மாப்ள. இனி எங்குட்டு வர?”

அந்த வெடிப்பை முன்பே பார்த்து, சின்னதுதானே என்று டேப் சுற்றியவன் நான்தான். அதை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.